திரும்பி வந்த மிளகாய்த்தூள்

மனுரேவா, நியூசிலாந்து,
1987 ஆவணி

என் செல்லத் தடியனுக்கு,

பிழைகளை எண்ணாதே. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, நீ பேஸ்போல் விளையாடுவது ஐந்தாவது டீமில். இரண்டு பேரும் ஒரே தரம்தான்.

சித்திரையில் டீம் விலாசத்துக்கு அனுப்பிய மிளகாய்த்தூள் பார்சல் நேற்றுத் திரும்பி வந்தது. இந்த ஆள் இங்கே இல்லை என்று மேலே எழுதியிருப்பதாகத் தங்கச்சி வாசித்துச் சொன்னாள். முந்திய டீம்காரர் உன்னை நிறுத்தியபோதெல்லாம் அடுத்த கிழமையே புது விலாசம் எழுதினாய். இம்முறை இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. அதனால் இதை நீ முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்கார மனுசியின் விலாசத்துக்குப் போடுகிறேன்.

"பெடியன்ர தோள் சுகமாமோ? பந்துக்கு ஓடி மதிலிலை மோதினதெல்லோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம், ஓடி ஓடிப் பந்து பிடிக்கிறானாம்" என்றேன். பார்சலை அலுமாரிக்குள் ஒளித்துவிட்டேன்.

இங்கே சொஃப்ட்போல் கிளப்பில், அதுவும் உன் விளையாட்டு மாதிரித்தான், தூரத்தில் நின்று பந்து பிடிக்க ஆள் இல்லையாம், உன்னைக் கேட்டார்கள். அமெரிக்காவில் நீ பெரிய ஆள், வரமாட்டாய் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் புளுகிவிட்டேன். நீ வருவதென்றால் நானே போய் அது பொய்யென்று சொல்லுவேன், வெட்கமில்லை.

இங்கே ஞாயிறு காலை அப்பா பஜனைக்குப் போய்விடுவார். அப்போது எனக்குப் போன் எடு. கதைக்க வராவிட்டால் மூச்சையாவது விடு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா