செஸ்நட் மரமும் ஒரு பிடி உப்பும்

அண்ணை,

இண்டைக்குக் காலமை அம்மா என்னைக் குசினியில் நிறுத்தி, உப்பையும் செத்தல் மிளகாயையும் கையில் பொத்தி, தலையைச் சுற்றி நாவூறு கழித்தா. நாளைக்கு எனக்குப் பரீட்சை. ஆரோ கண் வைத்துவிட்டார்களாம். என்னுடைய மார்க்ஸைப் பார்த்து ஆர் கண் வைக்கப்போகிறார்கள்? மிளகாய் அடுப்பில் விழுந்ததும் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. இருமிக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன். எதிரே உங்கள் மரம். உங்களுக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

'உங்கள் மரம்' என்றால் செல்வா அங்கிள் கோவிப்பார். அது பக்கத்து வீட்டுக்காரரான அவருடைய தோட்டத்தில், வேலியோடு நிற்கிற செஸ்நட் மரம். நிழல் மட்டும்தான் எங்கள் வீட்டில், அம்மா உங்களுக்கு வாடகைக்கு விட்ட பின்னறையில் விழும். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுக்கிறவருக்கு அதுதான் இருட்டு. "அது மரமில்லையடா, என்ரை ஜன்னல் கேட்டின்" என்பீர்கள்.

அந்தத் திரைச்சீலையைக் கழற்றத்தான் அங்கிள் நின்றார். பாரிசிலிருந்து வந்து லண்டனில், மிச்சம் என்கிற எங்கள் ஊரில் மூலைக்கடை போட்டவர். வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்ட ஆசை. மரம் குறுக்கே நின்றது. கவுன்சில் அந்த மரத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தபடியால் அனுமதியில்லாமல் ஒரு கிளையும் வெட்ட ஏலாது. கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். எப்படியும் வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"மரம் வெட்டத்தான் அனுமதி வேணும் அண்ணை, வெட்டிப் பேச்சுக்கு வேண்டாம். மனுசன் பேசிப்போட்டுப் போகட்டும்" என்றேன் நான்.

நீங்கள் சிரிக்கவில்லை. "சட்டத்தில ஒரு ஓட்டை கிடக்கு. செத்த மரமெண்டால் அனுமதி தேவையில்லை. இனி அது சாகும், இருந்து பார்."

அன்றிலிருந்து அங்கிள் வாளியோடு வெளியே வந்தால் உங்கள் திரைச்சீலை விலகும். நித்திரைக்காக மரத்தைக் காக்கப் போய், மரத்துக்காக நித்திரையை விட்ட ஆள் நீங்கள். ஒரு மத்தியானம் நான் வேலியில் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். மரத்தைச் சாகடிக்க அவன் செப்பு ஆணி அடிக்கிறான் என்று சாரத்தோடு ஓடிவந்தீர்கள். என்னைக் கண்டதும் நீங்கள் சொன்னதைக் கடிதத்தில் எழுத ஏலாது.

அம்மாவையும் விடவில்லை. "மரத்தில அவன்ரை கண் பட்டிட்டுது அக்கா" என்றீர்கள். அம்மாவுக்கு அது போதும். வெள்ளிக்கிழமைகளில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, உப்பும் மிளகாயும் பொத்திய கையை மரத்தை நோக்கிச் சுற்றி, அடிமரத்தில் எறிந்துவிட்டு வருவா.

ஆடி பிறக்க இலைகள் பழுப்பாகின. என்னைக் கொண்டு கவுன்சிலுக்குப் போன் எடுப்பித்தீர்கள். மரங்களுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண் வந்தா. அவவோடு நீங்களும் நானும் அங்கிளின் தோட்டத்துக்குள் போனோம். அங்கிளும் வந்து நின்றார். உங்கள் இங்கிலிஷ் பம்ப் நம்பரோடு நின்றுவிடும் என்பதால் நான் மொழிபெயர்ப்பாளன். அவ ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "இலைக்குள்ள பூச்சியாம் அண்ணை. லண்டன் முழுக்க இப்பிடித்தானாம். மரம் சாகாதாம்." உங்கள் முகத்தில் சந்தோசத்தைவிட ஏமாற்றம்தான் கூட இருந்தது.

பிறகு அவ குந்தியிருந்து அடிமரத்து மண்ணைக் கிளறினா. விரலில் வெள்ளைப் பரல். உப்பு. உப்பு மரத்தைச் சாகடிக்கும், தெரிந்துகொண்டு போட்டிருந்தால் கோர்ட்டுக்குப் போகும் என்றா.

"கேள், அவனைக் கேள்" என்றீர்கள் நீங்கள்.

அவ இன்னும் கிளற, ஒரு செத்தல் மிளகாய் வந்தது.

நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினீர்கள். எங்கள் குசினி ஜன்னலில் அம்மா நின்றா. அப்போது அம்மாவின் விசாக் கேஸ் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. கோர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே சாப்பாட்டை விட்டு எழும்புகிற காலம். ஒரு குற்றப்பதிவு விழுந்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா நம்பியிருந்தா. 'மீ' என்று தொடங்கினீர்கள் நீங்கள். பழியை உங்கள் தலையில் போடப் போகிறீர்கள் என்று எனக்கு விளங்கியது.

அதற்குள் செல்வா அங்கிள் முந்திவிட்டார். கடைச் சாமான் பை உடைந்துபோனது, உப்பும் மிளகாயும் கலந்துவிட்டது, மரத்தடியில் கொட்டினது நான்தான் என்று இங்கிலிஷில் சொன்னார். அந்த மிளகாய் என்னவென்று தெரியாத யாழ்ப்பாணத்தானா அவர்? கவுன்சில்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தா. மரத்தை வெட்டக் கேட்டவர் அவர்தானே. இன்னொரு தரம் நடந்தால் வழக்கு என்று எச்சரித்து, மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லிவிட்டுப் போனா. அவரும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவுக்காகச் சொன்னவராக்கும்" என்றேன் பின்னேரம்.

"ஒருத்தரும் சும்மா பழி ஏற்க மாட்டினம். இதை வைச்சு ஒருநாள் எங்களிட்டை ஏதாவது கேப்பான்."

அவர் கேட்பதற்கிடையில் நீங்கள் போய்விட்டீர்கள். மாசிக் குளிரில், ஷிப்டில், கல்லாவுக்குப் பின்னால் கதிரையில் இருந்தபடியே. செத்தவீட்டுக்கு அங்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். உங்களைப் பார்த்து அழவேண்டிய நேரத்தில் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், இப்ப கேட்பாரா, இப்ப கேட்பாரா என்று.

அம்மாவுக்கு விசா கிடைத்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் அறைக்கு மலேசியாக்காரப் பெடியன் ஒருவன் வந்திருக்கிறான். பகலில் அறையிலிருந்தே ஓபிஸ் வேலை. போன கிழமை நானும் பக்கத்தில் நிற்க, வேலிக்கு மேலால் எட்டிச் செல்வா அங்கிளிடம் கேட்டான்: "அங்கிள், ரூம் ஒரே இருட்டா இருக்கு. இந்த மரத்த வெட்டிட்டா என்ன?"

"ஏலாது தம்பி. கவுன்சில் சட்டம்" என்றார் செல்வா அங்கிள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஏன் சிரித்தவர், அண்ணை? அவர் நல்ல மனுசர் என்று ஒரு வரி எழுதி இதை முடிக்கத்தான் பார்க்கிறேன். கை வருகுதில்லை. இந்தச் சந்தேக வருத்தம் உங்களிடமிருந்துதான் எனக்குத் தொற்றினது.