தம்பி பாடமாக்கிய நம்பர்

லா சப்பல், பாரிஸ்
ஒக்ரோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சாள் ஜெனிற்றாவுக்கு,

உமக்கும் பிள்ளை ஸ்ரெல்லாவுக்கும் மாதாவின் அடைக்கலம் குறையாமல் இருக்க மன்றாடிக்கொண்டு அற்புதராணி எழுதுகிறேன். இங்கே இவரும் மகள் மெலனியும் நானும் இருக்கிறோம். சுகமாக என்று எழுத மனம் வரவில்லை. இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பீர். வேறு என்ன செய்ய? தை மாதத்திலிருந்து நீர் எங்களுடைய போனை எடுப்பதில்லை. மெலனியின் போனிலிருந்து ஒருமுறை கோல் எடுத்துப் பார்த்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர். அதில் எனக்குக் கோபம் இல்லை. உம்முடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்திருப்பேன். எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நீக்கிலாஸ் அண்ணை ஊருக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அவர்தான் போன கிழமை அந்தக் கதையையும் சொன்னார். நீர் சீதனக் காணியை விற்று ஏஜென்சிக்குக் கட்டிவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் தம்பியைத் தேடி வெளிக்கிடப் போகிறீராம். மரவள்ளிக் கிழங்கை நிறுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். நான் கிழங்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன், ஜெனிற்றா. பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியும்.

விலைக் கழிவுக்கு ஆசைப்பட்டுப் போன் நம்பரைத் தொலைத்துவிட்டார்கள் என்று நீர் பேசாலையில் எல்லோருக்கும் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது பொய்யில்லை. ஆனால் நடந்ததை நீர் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பீர், முழுவதையும் நானே சொல்கிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் காட் இல்லை. வதிவிட அட்டையைத்தான் இங்கே காட் என்பார்கள். காட் இல்லாதவருக்கு பாங்கில் கணக்கு இல்லை, கணக்கு இல்லாதவருக்கு மாதக் கட்டணத்தில் போன் இல்லை. அப்போது பொபினியில் இருந்த மகேந்திரராசா அண்ணை தன்னுடைய பெயரில் எடுத்துத் தந்தார். அந்த நாட்களில் லா சப்பலில் பாதிச் சனத்தின் போன் இன்னொருவருடைய பெயரில்தான் இருந்தது. பிறகு எனக்குக் காட் கிடைத்தது, பாங்கும் கிடைத்தது. போனை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். பேசுவது நான்தானே, பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டோம்.

அந்த நம்பரைத்தான் தம்பி பாடமாக்கினான். வழியில் போனைப் பறித்துவிடுவார்கள், ஒரு நம்பரையாவது தலையில் வைத்துக்கொள் என்று இவர் அவனுக்குச் சொல்லியிருந்தார். கறி காய்ச்சிக்கொண்டு நிற்கும்போதே நீர் திடீரென்று திரும்பி நம்பரைச் சொல்லும் என்று கேட்பீராமே. ஒரு இலக்கம் பிழைத்தால் சோறு போடமாட்டீராம். இங்கே வந்த புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். உம்முடைய நம்பர் மட்டும் அவனுக்குப் பாடமில்லை. நீர் சிம்மை மாற்றிக்கொண்டே இருந்தால் மனிதன் எதைப் பாடமாக்குவது என்று உம்மைக் குறை சொல்வான்.

இங்கே அவனுடைய அகதி வழக்கு இரண்டு தரமும் தள்ளுபடியானதும் லண்டனுக்குப் போகிறேன் என்று கலே கடற்கரைக்குப் போனது உமக்குத் தெரியும். கடைசியாகப் பேசியதை நான் உமக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இருந்தாலும் எழுதுகிறேன். தன்னுடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வேறு யாருடையதோ போனில் எடுத்தான். “அக்கா, காத்து நிண்டிட்டுது, இண்டைக்குப் படகிலை ஏத்துவாங்கள். அங்கை இறங்கினவுடனை எடுக்கிறன்” என்றான். இது போன வருடம் பங்குனியில்.

அதற்குப் பிறகு இவர் வேலையை விட்டுவிட்டுக் கலேக்குப் போனார். போலீசில் கேட்டார், ஆஸ்பத்திரிகளில் கேட்டார், அகதிகளுக்குச் சோறு கொடுக்கிறவர்களிடம் தம்பியின் படத்தைக் காட்டினார். லண்டனில் இருக்கிறவர்களைக் கொண்டு அங்கே தடுப்பு முகாம்களிலும் விசாரித்தோம். எங்கும் அவனுடைய பெயர் இல்லை. பேசாலைக் கடலில் நீந்தி வளர்ந்தவன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது வேறு கடல் என்று அப்போது எனக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் என்னுடைய பழைய போன் கரைச்சல் தரத் தொடங்கியது. சார்ஜ் நிற்காது, மணி அடித்தாலும் சத்தம் கேட்காது. நான் ஹோட்டலில் அறை துப்புரவாக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை அதை எடுத்துப் பார்ப்பேன். தம்பி எடுக்கிற நேரத்தில் இது செத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று ஒரே பயம். புதுப் போன் எடுக்க வெளிக்கிட்டது அந்தப் பயத்தில்தான், ஜெனிற்றா. ஆடம்பரத்துக்கு இல்லை.

இவரை, உம்முடைய றெமிஜியஸ் அண்ணையை, உமக்குத் தெரியும்தானே. கழிவு என்று எழுதியிருந்தால் கல்லையும் வாங்கிக்கொண்டு வருகிற ஆள். எல்லாக் கம்பனிகளின் விளம்பரத் தாள்களையும் அள்ளிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். சனிக்கிழமைகளில் லா சப்பல் கடை வாசல்களில் நிற்கிறவர்களிடமெல்லாம் ஆலோசனை கேட்டார். ஆளுக்கொரு கம்பனியைச் சொன்னார்கள். கடைசியில் விளங்கியது இதுதான்: பழைய வாடிக்கையாளர் போனை மாற்றினால் சின்னக் கழிவு, புதிதாக வந்து சேருகிறவருக்குப் பெரிய கழிவு. கலியாணம் முடியும்வரைக்கும் மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரம் மாதிரி. இவர் புதிதாகச் சேருவோம், நம்பரை மட்டும் கூடக் கொண்டுபோவோம் என்றார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கடைக்குப் போனோம். போனைத் தேர்ந்தெடுத்தது நான்தான். படம் எடுப்பது எப்படி என்றெல்லாம் விற்கிற பெடியன் விளக்கினான். எனக்குச் சார்ஜ் நிற்க வேண்டும், சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்றேன். எல்லாம் சரிவந்த பிறகுதான் நம்பர் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்தான். அந்தப் பெயர்க்காரர் கையெழுத்து வைத்தால்தான் நம்பர் எங்களுடைய பெயருக்கு மாறுமாம். மகேந்திரராசா அண்ணை பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைத்ததும் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இவர் கடைக்கு வெளியே நின்று அவருக்கு எடுத்தார். நத்தார் பண்டிகைக்குப் பாரிசுக்கு வரும்போது கட்டாயம் வைத்துத் தருகிறேன் என்றாராம். பெரிய கழிவோ அன்றைக்கோடு முடிகிறது. இன்றைக்குப் புது நம்பரில் எடுங்கள், பழையதைப் பிறகு கொண்டுவரலாம் என்று பெடியன் சொன்னான். பழைய சிம்மைச் சின்னப் போன் ஒன்றில் போட்டு, வேலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு போனும் என்னோடுதானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

மகேந்திரராசா அண்ணை இங்கே இருந்த பாங்க் கணக்கை மூடிவிட்டார். அதிலிருந்துதான் என்னுடைய போனுக்குக் காசு போகிறது என்பது அவருக்கு நினைவில் இல்லை. அவர் கணக்கை மூடியது எங்களுக்கும் தெரியாது. மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் சின்னப் போனில் சிக்னல் இல்லை. கடைக்கு ஓடினோம். உங்கள் பெயரில் இல்லாத நம்பரைப் பற்றி உங்களோடு பேச முடியாது என்றார்கள். இவர் காட்டையும் சம்பளத் துண்டையும் எடுத்து நீட்டினார். அதில் என்ன இருக்கிறது, என்னுடைய பெயர்கூட அந்த நம்பரில் இல்லை. நத்தாருக்கு மகேந்திரராசா அண்ணை வந்து எங்களோடு கடையில் நின்று அழுதார். அதற்குள் நம்பர் கைவிட்டுப் போய்விட்டது. அவரைத் திட்ட வேண்டாம், மச்சாள். அவர் இல்லாவிட்டால் அந்த நம்பரே இருந்திருக்காது.

இவ்வளவும் உமக்குப் பாதியாவது தெரியும். இனி எழுதப் போவது தெரியாது.

அந்த நம்பர் இருந்திருந்தால் அவர் எடுத்திருப்பார் என்று தை மாதத்தில் நீர் என்னிடம் கத்தினீர். உண்மையைச் சொல்கிறேன், அன்றையிலிருந்து நானும் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவன் எங்கேயோ இருந்து எடுக்கிறான், எடுக்கிறான், எங்களுடைய மடைத்தனத்தால் கிடைக்கவில்லை. பிழை எங்களுடையது என்றால் அவன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம். பங்குனிவரைக்கும் வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் அந்த நம்பரை அழுத்திப் பார்ப்பேன். இப்படி ஒரு நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொல்லும். பிறகு அதைக் கேட்க மனம் வராமல் விட்டுவிட்டேன். ஆவணி மாதத்தில் ஒரு நாள் திரும்ப அழுத்தினேன், மணி அடித்தது. ஒரு பெண் எடுத்து அலோ என்றாள். நான் உடனே வைத்துவிட்டேன்.

மெலனியைப் பிடித்துக் கெஞ்சி, வீட்டில் வைத்துத் திரும்ப எடுக்கச் சொன்னேன். நல்ல பெண். பிள்ளைகள் பராமரிக்கும் இடத்தில் வேலையாம். சித்திரையில் புதுப் போன் எடுத்தபோது இந்த நம்பரைக் கொடுத்தார்களாம். அற்புதம் அக்கா என்று கேட்டு யாராவது எடுத்தார்களா என்று மெலனி கேட்டாள். அப்படி ஒருவரும் இல்லை என்றாள் அந்தப் பெண். பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளிநாட்டு நம்பர் ஒன்றிலிருந்து கோல் வரும், தான் அலோ என்றதும் நின்றுவிடும் என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். அவன்தான் என்று நான் சொன்னேனா, இவர் சொன்னாரா தெரியாது. வீட்டில் அவ்வளவு சந்தோசம் அதற்கு முன் எப்போது இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பெண் நம்பரைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள், மெலனி திருப்பிச் சொன்னாள், இவர் எழுதினார். தொடக்கத்திலேயே எங்கள் நாட்டு இலக்கம். மிச்சத்தை எழுதி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அது உம்முடைய நம்பர், ஜெனிற்றா.

வேறு யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெண் அவசரப்படாமல் பழையது எல்லாவற்றையும் தேடிப் பார்த்துச் சொன்னாள். பாங்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள், அவளுடைய அம்மா எடுத்திருக்கிறா, சாமான் விற்கிறவர்கள் எடுத்திருக்கிறார்கள். சித்திரையிலிருந்து ஆவணிவரைக்கும் அந்த நம்பருக்கு அவனை நினைத்து எடுத்தது நீர் ஒருத்திதான். ஒருமுறை எடுத்துக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிற ஆளா அவன்? நம்பர் என்னிடம் இருந்த பங்குனியிலிருந்து கார்த்திகைவரைக்கும்கூட எடுக்கவில்லையே. அதை நான் எண்ணிப் பார்க்காமலே இருந்தேன்.

மெலனி எங்களுக்கு எப்போதும் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, “மாமா எடுக்கேல்லை, அம்மா” என்று தமிழில் சொன்னாள்.

உமக்கு அப்போதே சொல்ல வேண்டும் என்று நான் நின்றேன். இவர் விடவில்லை. “சொல்லாதை. எங்களைத் திட்டிக்கொண்டு இருக்கிறவரைக்கும் ஜெனிற்றாவுக்கு அவன் உயிரோடை இருக்கிறான். திட்டட்டும்” என்றார். கழிவுக்காக மச்சானைத் தொலைத்தவர் என்று லா சப்பலிலும் சிலர் இவரைப் பார்த்துக் கதைக்கிறார்கள், இவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அதையும் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடியிருந்தேன். நீர் எங்களைத் திட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் சாகும்வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் நீர் வெளிக்கிடப் போகிறீர். வெளிக்கிட வேண்டாம், மச்சாள். உம்மைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஏஜென்சிக்காரன் எந்த முகாமில் கண்டேன் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். இங்கே நாங்கள் தேடாத இடத்தில் நீர் எங்கே தேடுவீர்? ஸ்ரெல்லாவைத் தூக்கிக்கொண்டு கடைசியில் அதே கரையில்தான் வந்து நிற்பீர். என்னை மன்னிக்க வேண்டாம், இவரையும் மன்னிக்க வேண்டாம், வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபமாக இரும். காணி விற்றாகிவிட்டது என்றால் அந்தக் காசை ஏஜென்சியிடம் கொடுக்காமல் பிள்ளையின் பெயரில் போடும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரமும் வேறு கதைகள் எழுதினேன். மரித்த விசுவாசிகளின் நாள் வருகிறது. தமிழ்ப் பூசையில் நினைக்க வேண்டிய இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி சின்னத் துண்டுகள் தந்திருக்கிறார். இவ்வளவு காலமும் தம்பி சுகமாக வந்து சேர வேண்டும் என்றுதான் பூசைக்குக் கொடுத்து வந்தேன். இன்றைக்குக் கோயிலில் வைத்துத் துண்டில் கிறிஸ்தோப்பர் என்று தம்பியின் பெயரை மட்டும் எழுதினேன். அதற்கு முன்னால் போட வேண்டிய சொல்லைப் போடவில்லை. நீர் அவனுடைய பெண்சாதி. நீர் சொல்லாமல் நான் அந்தச் சொல்லைப் போடமாட்டேன்.

ஆண்டவர் உம்மையும் பிள்ளையையும் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உம்முடைய மச்சாள்,
அற்புதராணி