பெட்டி பிரிக்காத பேரிங்

திண்டிவனம்,
பிப்ரவரி 18

தேவநாதனுக்கு,

புகழேந்தி எழுதுகிறேன். நீயும் வேணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ஏழு தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம்.

சித்ராவுக்கு நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. தையல் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். கலைப்பிரியாவுக்கு நான்தான் தலை பின்னுகிறேன். கோணலாக இருக்கிறது என்று பள்ளிக்கூடம் போகும்போது அழுகிறாள்.

நம் பத்மினி கார் மெக்கானிக் முருகையன் பட்டறையில் நிற்கிறது. நாம் இரண்டு பேரும் ஆறு வருஷம் பாடுபட்டு ஓட வைத்த வண்டி. பின்சக்கரத்தில் ஊளைச் சத்தம் வந்தபோது புது பேரிங் வாங்கி உன்னிடம் தந்தேன். விழுப்புரத்தில் உனக்குத் தெரிந்த லேத் கடையில் பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றிவிடலாம் என்று வண்டியைக் கொண்டுபோனாய். மறுநாள் சாவியைக் கொடுத்து, "மாத்தியாச்சுடா. குடும்பத்த ஏத்திக்கினு தைரியமா போ" என்றாய். போனேன். கிளியனூர் தாண்டியதும் சக்கரம் அச்சோடு வெளியே வந்து, வண்டி ரோட்டோரம் மல்லாட்டை விதைத்திருந்த கொல்லையில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நீ ஓடி வந்தாய். உன்னைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. ஆனால் என் மாமனார் விசாரித்தபோது, "கடையில குடுன்னுதான் நான் சொன்னேங்க. நானே மாட்டிக்கிறேன்னு இவன்தான் ஒத்தக்கால்ல நின்னான்" என்று சொன்னாய். சித்ராவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். நீ பயத்தில் உளறுகிறாய் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் முருகையன் அச்சைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்தது அதே பழைய பேரிங். மேலே மட்டும் புது கிரீஸ். நம்ப முடியாமல் விழுப்புரம் வந்தேன். நீ வீட்டில் இல்லை. வேணி உள்ளே போய், புது பேரிங்கைப் பெட்டியோடு கொண்டுவந்து தந்தாள். பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. "அன்னிக்கு லேத் கடை லீவுண்ணா" என்றாள். அதற்கு மேல் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

லீவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ்ஸில் போயிருப்போமே, தேவா.

எல்லாம் என் அஜாக்கிரதை என்றுதான் சித்ரா இன்றுவரை நினைக்கிறாள். பிள்ளையை என் ஸ்கூட்டரில் ஏற்ற விடுவதில்லை. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நானே சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறேன் என்று ஆகிவிடும்.

வரும் சனிக்கிழமை வா. என்னிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம். நேராக உள்ளே போய் அவளிடம் சொல். சொல்லி முடிக்கும்வரை நான் வெளியே நிற்கிறேன்.

இப்படிக்கு,
புகழேந்தி