என் நினைவுக்கு நானே எழுந்து நின்ற ஞாயிறு

சித்தூர்,
அக்டோபர் 14, செவ்வாய்

அன்பு மகள் நீரஜாவுக்கு,

உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிற பிரேமலதா டீச்சர் எழுதுவது. உன் நைனாவும் சுகம். நீயும் கிஷோரும் வயிற்றில் உள்ள குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம்.

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு தடவையும் நீ அழுகிறாய். எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் நீ கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய். பாடத்தைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. கிஷோரின் சிநேகிதர் வெள்ளிக்கிழமை ஷார்ஜா கிளம்புகிறார், நாரத்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் கசிந்திருந்தால் ஓரத்தைத் துடைத்துவிட்டுப் படி.

முதலில் ஒரு விஷயம். நீ உண்டாகியிருக்கிற செய்தியைச் சொன்னபோது, பிரசவத்துக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன். “பார்க்கலாம் டீச்சர்” என்றாய். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது பெற்ற தாய் இருக்கவேண்டிய இடம். அங்கே நானாகப் போய் நாற்காலி போட்டுக்கொள்ளக் கூடாது என்று இருந்துவிட்டேன். டிசம்பரில் யார் வரப்போகிறார்கள் என்று உன் நைனாவைக் கேட்டால், அவர் ஃபேனைப் பார்க்கிறார்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிஷோர் திருப்பதி சபைக்காரர், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். எங்கள் சபையில் பீடத்துக்கு வாரம் ஒரு குடும்பம் பூ கொடுக்கும். இறந்துபோனவர் நினைவாகக் கொடுத்தால், கொடுத்தவர் பெயரையும் இறந்தவர் பெயரையும் பாஸ்டர் அறிவிப்பார். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு உன் அம்மா ஜெயம்மாவின் முறை. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பூவை நான்தான் கொடுக்கிறேன். நீ ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது, சோஷியல் பேப்பரில் அரை மார்க் குறைத்ததற்காக ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வந்து என்னோடு வாதாடியவர் அவர். வாங்கிக்கொண்டும் போனார். அப்படிப்பட்டவருக்கு வாடிய பூ வைக்க முடியுமா? புத்தலப்பட்டிலிருந்து அன்று பறித்த சம்பங்கி வரவழைத்தேன்.

புதுப் பாஸ்டர் குண்டூர் பக்கத்துக்காரர். தங்கமான மனிதர், தமிழ் இப்போதுதான் படிக்கிறார். சனிக்கிழமை அவரிடம் இரண்டு பெயர்களையும் சொன்னேன். அவரும் தெலுங்கில் குறித்துக்கொண்டார். தவறு எங்கே நடந்தது என்றால், இந்தச் சபையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவர்கூட இல்லை. குழந்தை முதல் கிழவர் வரை டீச்சரம்மாதான். உதாரணத்துக்கு, நம் தெருவில் தண்ணீர் விடுகிறவரின் பெயர் உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பாஸ்டரும் அப்படித்தான், எதிரே நிற்கிற டீச்சரம்மாதான் ஜெயம்மா என்று முடிவு செய்துவிட்டார். மிச்சமிருந்த பிரேமலதா பரலோகம் போகவேண்டியதாயிற்று.

“காலஞ்சென்ற திருமதி பிரேமலதா அவர்களின் நினைவாக, ஜெயம்மா அவர்கள் இந்த மலர்களைக் கொடுத்திருக்கிறார்கள்” என்று கணீரென்று வாசித்தார். அதோடு விட்டிருக்கலாம். சபையாரை எழுந்து நின்று மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். நான் என்ன செய்ய? தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னால் தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்தக் கூடாது, அறைக்கு வந்தபிறகுதான் சொல்லவேண்டும். அதனால் என் நினைவுக்கு நானும் எழுந்து நின்றேன். முன்வரிசைப் பாடகர் குழு குலுங்கிக்கொண்டிருந்தது. மனைவியை இழந்து தனிமையில் வாடும் கணவரைத் தேற்றும்படி பாஸ்டர் உருக்கமாக வேண்டினார். உன் நைனாவுக்கு ஒரு பக்கத்துக் காது கேட்காது அல்லவா, எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

இதையெல்லாம் நீ நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் சரியாக ‘காலஞ்சென்ற திருமதி பிரேமலதா’ என்றதோடு நேரலை நின்றுவிட்டது என்கிறாயே! என் போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. உன் நைனாவின் போன் வழக்கம்போல வீட்டில் சார்ஜில் இருந்தது. ஆராதனை முடிந்து அன்பின் விருந்துக்கு நான் பரிமாறப் போய்விட்டேன்.

சர்ச் வாட்ச்மேன் ரங்கையாவை நீ போனில் கூப்பிட்டதுதான் நல்ல யோசனை. எப்போ எடுக்கிறாங்க என்று நீ அழுதாயாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “டீச்சரம்மா பந்தியில சாம்பார் ஊத்திக்கினு கீறாங்கம்மா, இன்னா அவசரம்?” என்று கேட்டாராம். நீ நம்பாமல் வீடியோவில் காட்டச் சொன்னாய். அவர் செல்லைத் தூக்கிக்கொண்டு பந்தி நடுவே ஓடிவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் என்னமோ ஏதோ என்று பதறி, உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்கு ஏன் அப்படி அழுதாய், மகளே? என் கையிலிருந்த கரண்டி ஒருவர் சட்டையில் கவிழ்ந்துவிட்டது. பாஸ்டர்தான் அவர். அது தண்டனை இல்லை, தற்செயல் என்று அவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

அதற்குள் நீ உன் பெரியம்மாவுக்குச் சொல்லியாயிற்று. நான் உயிரோடு இருப்பதைச் சொல்ல நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டும், வெதுருகுப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்துவிட்ட மனுஷி போனை எடுக்கவில்லை. அழுகிற நேரத்தில் யார் போனைப் பார்ப்பார்கள்?

நானும் உன் நைனாவும் காலிப் பாத்திரங்களோடு வந்து இறங்கினால், பூட்டின கேட்டுக்கு முன்னால் உன் பெரியம்மா உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார். நான் வந்த நாளிலிருந்து இந்த வாசலை மிதிக்காதவர். தங்கையின் வீட்டில் இன்னொருத்தி அடுப்பு மூட்டுவதைப் பார்க்க மாட்டேன் என்றவர். அவருக்குப் பின்னால் நாங்கள் நிற்பதை அவர் பார்க்கவில்லை. உன் நைனா ஏதோ சொல்லப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மனுஷி வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இதுவரை கேட்டதில்லை, அதைப் பாதியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வருஷா வருஷம் தன் தங்கைக்கு நான் பூ வைத்ததைச் சொன்னார். மூட்டு வலிக்குத் தைலம் கொடுத்தனுப்பியதைச் சொன்னார் (அது உன் நைனா வாங்கினது, நான் திருத்தவில்லை). பிறகு ஒன்று சொன்னார். கேட்டபடியே எழுதுகிறேன்.

“எங்க நீரஜா உன்னத்தானே பிரசவத்துக்குக் கூப்ட நெனச்சிக்கினு இருந்துச்சு! கிறிஸ்மஸ் வேலையெல்லாம் அவங்க தலையில கீது, எப்பிடி கேக்கறது பெரியம்மான்னு கூச்சப்பட்டுக்கினு இருந்துச்சே! அது கேக்கறதுக்குள்ள போய்ட்டியே, மகராசி!”

பாத்திரம் என் கையிலிருந்து விழுந்தது. பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உசுரோட இருக்கிறவ ஒரு போனை எடுத்தா இன்னா கொறஞ்சி பூடும்?” என்று என்னைத் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே உள்ளே வந்தார். திட்டிக்கொண்டே என் அடுப்படியில் நின்று, நான் கொண்டுவந்த மிச்சச் சாம்பாரைச் சூடு பண்ணினார். உப்பு போதாது என்றார். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

அரை மணி கழித்து கிஷோரின் அம்மா திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். நீ அழுததைக் கேட்டுக் கிளம்பியவருக்கு, நான் உயிரோடு இருக்கிற விஷயம் வழியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாங்கின ரோஜா மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் வந்துவிட்டாராம். வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பாக நினைக்காதீங்க சம்பந்தி என்று கூசி நின்றார். பெரியம்மா அதை வாங்கி ஜெயம்மாவின் படத்துக்குப் போட்டார். எங்கள் மூன்று பேர் தலையிலும் நான் மிச்சம் வைத்திருந்த சம்பங்கியில் ஒவ்வொரு கிள்ளு வைத்தார். அப்புறம் எல்லாரும் சாப்பிட்டோம். உன் நைனா அப்போதுதான் என்ன நடந்தது என்று விசாரித்தார்.

என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் செய்தி எட்டி, அங்கே இன்னும் இரங்கல் வந்துகொண்டிருக்கிறது. பிரேமலதா டீச்சர் ஸ்கேலால் அடித்ததால்தான் தான் இன்ஜினியர் ஆனதாக ஒருவன் எழுதியிருக்கிறான். நான் யாரையும் அடித்ததில்லை, அது கணக்கு டீச்சர். செத்தபிறகு வந்த பாராட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று பாஸ்டர் ஆப்பிளோடு வந்தார். உட்காரவே மாட்டேன் என்றார். நான் காபி கொடுத்து, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் ஞாயிறு பள்ளியிலிருந்தும் பெண்கள் ஐக்கியத்திலிருந்தும் எனக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். வேறு சமயமாக இருந்தால் கிறிஸ்மஸ் நாடகத்தை யார் நடத்துவார்கள் என்று கேட்டிருப்பார். என்னைக் கர்த்தரிடமே அனுப்பிவைத்தவருக்கு, ஷார்ஜாவுக்கு அனுப்ப முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பாஸ்போர்ட்டும் தயாராக இருக்கிறது. பேங்க்கில் கேட்பார்கள் என்று ஆகஸ்டிலேயே எடுத்தேன். உன் நைனா நம்பவில்லை, நீயும் நம்பவேண்டாம்.

ஆனால் டிக்கெட் போடவில்லை, நீரஜா. பெரியம்மா அழுகையில் சொன்னதைக் கேட்டுப் பெட்டி கட்டினால், அது பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைப் பார்த்த மாதிரி ஆகிவிடும். நான் எதுவும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள். உன் மனதில் வேறு யோசனை இருந்தால் தாராளமாகச் செய், எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கும். அதைச் சமாளித்துக்கொள்வேன்.

இனி போனை எந்நேரமும் மடியிலேயே வைத்திருப்பேன், சத்தத்தோடு. ஆராதனை நடுவில் அடித்தாலும் பாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். நீ கூப்பிட்டுக் கேள்.

உன்னைப் பெற்றவளுக்குச் சுகமாய் உன்னைத் தந்த ஆண்டவர், உன் பிள்ளையையும் அப்படியே உன் கையில் தருவாராக.

வழிபார்த்திருக்கும்,
பிரேமலதா