நாற்பத்தொன்றாம் பக்கம்

மாளிகாவத்தை
04.06.2025

அன்புத் தம்பி ஹபீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் எடுத்தால் "மீட்டிங், ராத்தா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

தமிழ் விளங்குதா பாருங்கள் என்று நீ தந்த தேசிய அபிவிருத்தித் திட்ட வரைவை நான்கு நாளாக சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இருந்து வாசித்தேன். தமிழ் விளங்குகிறது. நாற்பத்தொன்றாம் பக்கம்தான் விளங்கவில்லை. எங்கள் தொடர்மாடியில் ஏழைக் குடும்பங்கள் பாதியாகக் குறைந்துவிட்டனவாம். ஆகவே பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கும் உதவி இங்கே தேவையில்லையாம். கீழ் வீட்டு றஸ்மியா அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு இருக்கிறாள்.

அடிக்குறிப்பைப் பார்த்தேன். கணக்கெடுத்தது 2024 மார்ச் கடைசியில். அது நோன்பு மாதமடா. ஸகாத் பணம் வரும், பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வரும், அரிசி வரும். அதையெல்லாம் வருமானமென்று எழுதிவிட்டார்கள். என் வீட்டுக் கணக்குக் கொப்பியில் இருபத்திரண்டு வருஷத்து நோன்பு வரவும் இருக்கிறது. பெருநாள் முடிந்து வந்து பார்த்திருக்க வேண்டும்.

துஆவுடன்,
ராத்தா ஸீனத்


பத்தரமுல்லை
09.06.2025

அன்புள்ள ராத்தா,

வஅலைக்கும் ஸலாம். தமிழைப் பார்க்கச் சொன்னேன், நீங்கள் திட்டத்தையே பார்க்கிறீர்கள். எங்கள் குழுவில் பொருளியல் படித்த பதினொரு பேர் மதிப்பிட்டது இது. ஒரு வீட்டுக் கொப்பியைக் கொண்டுபோனால் தலைவி கொன்ஸ்ரன்ஸ் மிஸ் சிரிப்பார். கோபிக்க வேண்டாம்.

ஹபீஸ்


மாளிகாவத்தை
13.06.2025

தம்பி,

ஒரு வீடு போதாதென்றாய். பதினேழு வீட்டுக்கு ஏறி இறங்கினேன். நோன்பில் வந்தது என்ன, இப்போது வருவது என்ன, எல்லாம் வீடு வீடாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நோன்பு பிடித்த மாதத்தில்தான் இவர்களுக்கு வயிறு நிறைந்தது.

பதினொரு பேருக்கும் தெரியாமல் போகலாம். அந்த மாதம் நீ என் வீட்டில்தானே நோன்பு திறந்தாய்?

ஸீனத்


பத்தரமுல்லை
21.07.2025

அன்புள்ள ராத்தா,

அந்தக் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. உங்கள் தாள்களை மேசையில் வைத்தேன். கொன்ஸ்ரன்ஸ் மிஸ் சிரிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதை ஆர் செய்தது? எந்தக் கம்பஸ்?" என்றார். "மாளிகாவத்தைத் தொடர்மாடி, மிஸ்" என்றேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். தையல் மெஷின் உதவி திரும்ப வந்துவிட்டது. இனி எந்த ஊரிலும் வருஷத்துக்கு நான்கு தரம் கணக்கெடுப்பார்கள். அடிக்குறிப்பில் உங்கள் பெயர் இருக்கிறது. மன்னியுங்கள்.

ஹபீஸ்


மாளிகாவத்தை
25.07.2025

அன்புத் தம்பி,

அல்ஹம்துலில்லாஹ். றஸ்மியாவுக்கு வாசித்துக் காட்டினேன். "யா அல்லாஹ், மெஷின எங்க ராத்தா வெக்கிற?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலை இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

வரைவின் இரண்டாம் பாகத்தை அனுப்பு. இந்த முறை தமிழை நீ பார், திட்டத்தை நான் பார்க்கிறேன்.

துஆவுடன்,
ராத்தா ஸீனத்