அப்பாவுக்குக் கை நொந்ததா?

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
18.05.2025

அன்புள்ள ஜெனிற்றா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா பாலர் பாடசாலைக்குப் போய் வருகிறார். இப்போது சமைக்கும்போது பாட்டும் பாடுகிறார். கன்னியர் மடத்தில் தொலைபேசி கூடாது என்பதால் உங்களுக்கு மட்டும்தான் கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

வியாழக்கிழமை தேத்தண்ணிக் கோப்பை என் கையிலிருந்து விழுந்தது. வழுக்கவில்லை அக்கா. விரல் பிடிக்கவில்லை. இரண்டு மாதமாகவே வலது கை விறைக்கிறது. அம்மாவிடம் கை ஈரம் என்று சொல்லிவிட்டேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டின அப்பாவுக்கும் கோப்பை விழுந்துதானே எல்லாம் தொடங்கியது? அப்போது எனக்கு எட்டு வயது. உடைந்த கோப்பை மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான்கு வருடம் அப்பா படுக்கையில் கிடந்ததும் நினைவிருக்கிறது.

வேறு யாருக்கும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை,
லதுஷா


கண்டி
25.05.2025

யேசுவில் அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ உயர்தரப் பரீட்சை எழுதும் ஆண்டு. களைப்பாக இருக்கும். நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்கு நித்திரை கொள். ஆண்டவர் நம் பலத்துக்கு மிஞ்சிய சுமையைத் தருவதில்லை. உனக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன். கார்த்திகையில் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். அதற்கு நீயும் அம்மாவும் வர வேண்டும்.

வீணாக எதையும் யோசிக்காதே.

அன்புடன்,
ஜெனிற்றா


திருகோணமலை
01.06.2025

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அப்பாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அப்ராவைத் தெரியும்தானே, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற என் வகுப்புப் பிள்ளை? நானும் அவளும் மாகாணப் போட்டிக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். பாடசாலையில் நான்கு மணித்தியாலம் கணினியில் இருப்போம். வீட்டுக்கு வந்தால், கட்டிலில் காலை மடக்கி, தலையணையில் லப்டொப்பை வைத்து இன்னும் ஐந்து மணித்தியாலம். அவளுக்கும் கழுத்து நோவு. ஆனால் அவளுக்குக் கோப்பை விழவில்லை.

அவள்தான் என்னைப் பாடசாலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் என் விரல்களை மடக்கிப் பார்த்தார். அப்பாவைக் கொண்டுபோன வருத்தத்தைச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்பாவுக்குக் கை நொந்ததா? விறைத்ததா?" என்று கேட்டார்.

"தெரியாது டொக்டர். நான் அப்ப சின்னப்பிள்ளை."

"அது முக்கியம். தெரிஞ்ச பெரியாக்களைக் கேட்டுக்கொண்டு வாரும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்."

அம்மாவை எப்படிக் கேட்பது? நான்கு வருடம் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினவர். கேட்டால் அந்தப் பாட்டும் நின்றுவிடும். உங்களுக்கு அப்போது பதின்மூன்று வயது. உங்களுக்குத் தெரியும். ஒரு வரி எழுதுங்கள் அக்கா. அப்பாவுக்கு நொந்ததா, இல்லையா?

லதுஷா


கண்டி
10.06.2025

என் லதுக்குட்டி,

அப்பாவுக்கு நொந்ததா என்று எனக்கும் தெரியாது. மூன்று நாள் பேனையை எடுக்கவே ஏலாமல் இருந்தது.

நான் எல்லாம் அறிந்தவள் என்று நீ நினைக்கிறாய். அந்த நான்கு வருடமும் நான் பின்னேரம் முழுக்கக் கோயிலில் இருந்தேன். ஊரார் பக்தி என்றார்கள். பக்தியில்லை, தங்கச்சி. அப்பாவின் கையைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. உள்ளங்கைச் சதை வற்றிப்போய் எலும்பு தெரியும். அவர் கூப்பிட்டால்கூட வாசலில் நின்றுதான் பதில் சொல்வேன். நோகுதா அப்பா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லாவிட்டால் நான் அவருக்கு எழுதுவேன். என்னுடன் கோபித்தாலும் பரவாயில்லை.

அக்கா


திருகோணமலை
29.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு, "எந்தக் கை?" என்றார். வலது கையை நீட்டினேன். ஒவ்வொரு விரலாக அழுத்தினார், மணிக்கட்டை அழுத்தினார்.

"நோகுதா?"

"ஓம் அம்மா, நல்லா நோகுது."

"விறைக்குதா?"

"ஓம். ஊசி குத்துற மாதிரி."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்பாவுக்கு ஒரு நாளும் நோகேல்லையடி. விறைக்கவும் இல்லை. பெலம் மட்டும்தான் போனது. நோவில்லாதபடியாத்தான் எங்களுக்கும் பிந்தித் தெரிஞ்சது."

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பில் சின்னதாக மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குப்படுகிறது, கழுத்துத் தசைகள் இறுகிவிட்டன. அவ்வளவுதான். அப்பாவின் வருத்தம் இல்லை, அக்கா! இல்லை!

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற மிஸ், "கணினிக்கு முன்னால எப்பிடி இருப்பீர், இருந்து காட்டும் பார்ப்பம்" என்றா. காட்டினேன். "பிள்ளை இறால் மாதிரியெல்லோ இருக்கிறீர்" என்று சிரித்தா. மணிக்கட்டுக்கு ஒரு பட்டி தந்திருக்கிறா. ஆறு வாரத்துக்கு, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நடக்க வேண்டும். கட்டிலில் லப்டொப் கூடவே கூடாது. போட்டியில் தட்டச்சு வேலையை அப்ரா செய்கிறாள், நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன். அவளும் இப்போது கதிரையில் நிமிர்ந்துதான் இருக்கிறாள்.

எங்களுக்குக் கணினி படிப்பிக்கிற ரிப்கா ரீச்சர் என் பட்டியைக் கண்டுவிட்டு வகுப்பில், "ஆருக்கெல்லாம் கழுத்தோ கையோ நோகுது?" என்று கேட்டா. இருபத்தாறு பேரில் பதினைந்து பேர் கையை உயர்த்தினார்கள். ஒருவரும் அதுவரை வாய் திறக்கவில்லை. எங்கள் கணினி மேசைகள் பழைய விஞ்ஞான கூடத்து மேசைகள், நின்று வேலை செய்வதற்கான உயரம். அதிபரிடம் அனுமதி எடுத்து, தச்சரைக் கூப்பிட்டுக் கால்களை ஒரு சாண் அறுப்பித்துவிட்டா.

நீங்கள் வாசலில் நின்றதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எனக்கு உங்களுடன் கோபமும் இல்லை.

லதுஷா


கண்டி
08.07.2025

என் தங்கச்சிக்கு,

உனக்கு நோகுது என்று வாசித்துச் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு அழுதேன். சந்தோஷத்தில். பிறகு அறைக்கு வந்து அம்மா சொன்னதைத் திரும்ப வாசித்தேன்.

லது, எனக்கு நோகவில்லை.

தை மாதத்திலிருந்து என் இடது கையில், பெருவிரலுக்குக் கீழே, சதை துடிக்கிறது. இப்போது பொத்தான் பூட்ட நேரம் எடுக்கிறது. நோவும் இல்லை, விறைப்பும் இல்லை. உன் முதல் கடிதம் வந்தபோது அதனால்தான் அப்பாவைப் பற்றி எழுதாமல் விட்டேன். உனக்கு ஆறுதல் சொன்னது பயந்துபோன ஒருத்தி.

நேற்று மடத் தலைவி மதரிடம் சொல்லிவிட்டேன். 17ஆம் திகதி இங்கே நரம்பு வைத்தியரிடம் கூட்டிப்போகிறார். இப்படித் துடிப்பது எத்தனையோ பேருக்குத் தானாக வந்து போகும், அப்பாவின் வருத்தம் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வராது என்று மடத்து மருந்தறைச் சகோதரி சொல்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பகலில் நம்ப முடிகிறது.

அம்மாவிடம் சொல்லாதே என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். சொல். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெனிற்றா


கண்டி
16.07.2025

அக்கா,

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு தரம் வாசித்தார். "முதல் பஸ் எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது செப நேரமாம், கூப்பிட ஏலாதாம். அதனால் இந்தத் தாளை வாசல் சிஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். நாங்கள் கீழே பார்வையாளர் அறையில் இருக்கிறோம். கதிரை போட்டும் அம்மா அதில் இருக்கவில்லை, படிக்கட்டைப் பார்த்தபடி நிற்கிறார். நாளைக்கு உள்ளே உங்களுடன் தான்தான் வருவாராம், டொக்டர் கேட்கிறதுக்கெல்லாம் தானே பதில் சொல்வாராம்.

பயமில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் பயம்தான்.

கீழே வாங்கோ.

லது