பிரிக்காத கட்டு

நாமக்கல்,
8 ஜூன் 2025

அன்புள்ள ஜெசி,

மலைக்குளிர் உனக்குப் பழகிவிட்டதா? நான் பிறந்த மலையில் நீ நர்ஸ். நீ பிறந்த ஊரில் நான். போனில் பேசினால் இங்கே கேட்க ஆள் நிறைய. அதனால் செம்மேடு பஸ் டிரைவர் மாரப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என்னைத் தொற்றுத் தடுப்பு நர்ஸாக்கியிருக்கிறார்கள். காப்பீட்டுக் கம்பெனி புது விதி போட்டிருக்கிறது. ஆபரேஷன் புண்ணில் ஆஸ்பத்திரியிலேயே சீழ் பிடித்தால் அந்த வைத்தியத்துக்கு அவர்கள் பணம் தரமாட்டார்கள். ஆஸ்பத்திரி தலையில்தான் விழும். கை கழுவுங்கள் என்று எத்தனை வருடம் கத்தினேன்! இப்போது பெரிய டாக்டரே கழுவுகிறார். போன மாதம் தொற்று ஒன்றுகூட இல்லை. வார்டில் கேக் வெட்டினோம். உனக்கு ஒரு துண்டு அனுப்ப முடியாததுதான் குறை.

உன் ராதி

*

செம்மேடு,
19 ஜூன்

என் ராதி,

கேக் செய்தி சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குத் திரும்புகிறவர்கள், ஆபரேஷன் அன்று போட்ட அதே கட்டோடு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். நேற்று, மரவள்ளிக் காட்டில் வேலை செய்யும் பொன்னாயி வந்தாள். "ஊட்டுக்குப் போயித்தான் பிரிக்கோணும்னு சொல்லிட்டாங்க சிஸ்டர்" என்றாள். பிரித்தேன். கூட நின்ற புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவள் மட்டுமல்ல, இன்னும் சிலர். அங்கே யாரும் புண்ணைப் பார்ப்பதே இல்லையா?

ஜெசி

*

நாமக்கல்,
27 ஜூன்

ஜெசி,

கோபப்படாமல் படி. மேனேஜர் மோகன்ராஜ் சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "பிரிச்சாத்தானுங்க சிஸ்டர் சீழு தெரியும்? தெரிஞ்சா எழுதோணும். எழுதுனா பணம் வராது. ஊட்டுல போயிப் பிரிச்சா அது ஊட்டுச் சீழு!" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இப்போதெல்லாம் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு வாரம் கட்டைத் தொடாதீர்கள் என்று கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்வது என் வேலை. கை கழுவுவதும் நிஜம், ஜெசி. அதையும் நம்பு.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். இங்கேதான் செய்யப்போகிறோம். நான் பக்கத்தில் இருப்பேன் அல்லவா?

ராதி

*

செம்மேடு,
2 ஜூலை

ராதி,

மாதம்மாள் அம்மாவுக்கு மட்டுமாவது கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜெசி

*

நாமக்கல்,
10 ஜூலை

ஜெசி,

அம்மாவை இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. வாடையும் வந்தது போல... என் பயமாகவும் இருக்கலாம். கத்தரிக்கோலை எடுத்தேன். மோகன்ராஜ் சார் வாசலில் நின்று, "மொதோ கேஸு உங்கம்மாவாத்தான் இருக்கோணுமா சிஸ்டர்?" என்றார். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

செம்மேட்டில் இறங்கி நேராக உன்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். மாரப்பன் அண்ணன் பஸ்தான். போனில் உன் குரலைக் கேட்கும் தைரியம் இல்லை. நீ பிரி. வந்ததும் பிரி.

உன் ராதி

*

செம்மேடு,
15 ஜூலை

ராதிகா,

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று மட்டும்தான் நேற்று போனில் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தேன். மறுநாள்தான் கைக்குக் கிடைத்தது. அம்மா வரவில்லை. வருவார் என்று காத்திருந்தேன். அது என் தப்பு. பிறகு உங்கள் ஊர் வளப்பூர் நாட்டுக்குப் பஸ் ஏறினேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். கட்டின் மேல் கை வைத்ததும் தட்டிவிட்டார். "இன்னும் ஒரு வாரம் ஆவலையே கண்ணு! எம்புள்ள ஒவ்வொரு கட்டிலுக்கும் போயி அதத்தான சொன்னா? எனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றார். செம்மேட்டில் இறங்கி என்னைப் பார்க்கச் சொன்னாளே என்று கேட்டேன். "சிநேகிதப் புள்ளையச் சும்மா பாத்துட்டுப் போகச் சொன்னான்னு நெனச்சேன் சாமி" என்றார்.

பிரித்தேன். என்ன இருந்தது என்று உனக்கு எழுதத் தேவையில்லை. கட்டின் மேல் கை வைத்தபோதே உனக்குத் தெரியும்.

சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டேன். தொற்று எங்கே வந்தது என்று கேட்டிருந்த இடத்தில் உங்கள் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினேன். இந்த மாதம் கேக் வெட்டமாட்டீர்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பிரிச்சத எம்புள்ளகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, சங்கடப்படுவா" என்றார்.

சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தா,
செவிலியர்,
ஆரம்ப சுகாதார நிலையம்